ஐபிஎஸ் செல்லிலிருந்து நுரையீரல் காற்றறைத் திசு வளர்ப்பது எப்படி: படிப்படியான முழு வழிகாட்டி

ஐபிஎஸ் செல் என்பது தோல், ரத்தம் மாதிரியான செல்லைத் திருப்பி, எந்த வகைச் செல்லாகவும் மாறக்கூடிய நிலைக்குக் கொண்டுவந்தது. புதிதாக இந்த வேலைக்கு வருபவர்கள் 15-ஆம் நாள் தட்டை எடுத்துச் சோதிக்கிறார்கள். நுரையீரல் செல்கள் 10 சதவீதம்கூடத் தேறவில்லை. உடனே கடைசியாக ஊற்றிய மீடியாவில் (செல்களை வளர்க்கும் ஊட்டத் திரவம்) குறை தேட ஆரம்பித்துவிடுகிறார்கள். ஆனால் தவறு பெரும்பாலும் அங்கே இருப்பதில்லை. செல்களை விதைத்த அன்றோ, 3-ஆம் நாளோ நடந்திருக்கும். கண்ணுக்குத் தெரிய இரண்டு வாரம் ஆகிறது, அவ்வளவுதான்.

அதனால் இந்த வழிகாட்டியில் ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு சோதனை வைத்திருக்கிறேன். சோதனையில் தேறாத தட்டை அடுத்த கட்டத்துக்குக் கொண்டுபோகாதீர்கள். விலை உயர்ந்த மீடியா போகிறதே என்று மனசு கேட்காது. ஆனாலும் அங்கேயே நிறுத்துவதுதான் செலவைக் குறைக்கும் வழி.

பாலக்காட்டிலிருந்து கஞ்சிக்கோடு, வாளையாறு வரைக்கும், கணவாய்க்கு அந்தப் பக்கம் கோவை, பொள்ளாச்சியிலிருந்தும் பயிற்சிக்கு வரும் பிள்ளைகளை மனதில் வைத்து எழுதுகிறேன். கரண்ட், வெயில், விடுமுறை என்று எல்லாமே நம் ஊர்க் கணக்குதான். செய்முறை, பாஸ்டன் பல்கலைக்கழகத்தின் டாரல் காட்டன் குழு 2017-இல் வெளியிட்டு, 2019-இல் விரிவாக எழுதிய பாதையை ஒட்டியது.

1. தொடங்கும் முன்: அனுமதியும் நாட்காட்டியும்

முதலில் அனுமதி. இந்தியாவில் மனித ப்ளூரிபொட்டன்ட் (எந்த வகையாகவும் மாறக்கூடிய) செல்களில் வேலை செய்ய, உங்கள் நிறுவனத்தின் ஸ்டெம் செல் ஆய்வுக் குழுவின் ஒப்புதல் வேண்டும். ஐசிஎம்ஆரும் (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) உயிரித் தொழில்நுட்பத் துறையும் சேர்ந்து வெளியிட்ட 2017 வழிகாட்டு நெறிகள் இதைச் சொல்கின்றன. நோயாளியின் ரத்தத்திலிருந்தோ தோலிலிருந்தோ புதிய செல் வரிசை உருவாக்குவதாக இருந்தால், நெறிமுறைக் குழுவின் ஒப்புதலும் நோயாளியின் எழுத்துப்பூர்வ சம்மதமும் தேவை. செல்லை உருக்கிய பிறகு விண்ணப்பம் எழுத உட்காராதீர்கள். குழு கூடும் தேதி உங்கள் கையில் இல்லை.

அடுத்தது நாட்காட்டி. கவனம் சிதறக்கூடாத நாட்கள் 0, 3, 6, 15, 17, 21. திங்கட்கிழமை விதைத்து, செவ்வாயை 0-ஆம் நாளாக வைத்தால் 3-ஆம் நாள் வெள்ளி, 6-ஆம் நாள் திங்கள், 15-ஆம் நாள் புதன், 17-ஆம் நாள் வெள்ளி, 21-ஆம் நாள் செவ்வாய். ஒன்றுகூட சனி, ஞாயிறில் விழாது. வேறு எந்தக் கிழமையில் தொடங்கினாலும் ஒரு முக்கிய நாளாவது சனி, ஞாயிறில் மாட்டிக்கொள்ளும், எழுதிப் பாருங்கள்.

இந்தப் பக்கம் ஓணம், அந்தப் பக்கம் பொங்கல். இரண்டையும் குறித்துக்கொண்டு தேதி போடுங்கள். ஓணத்துக்குப் பத்து நாள் கல்லூரி பூட்டினால், மலையாளப் பிள்ளைகள் வீட்டுக்குப் போய்விடுவார்கள். தமிழ்ப் பிள்ளைகளும் பஸ்ஸில் இடம் கிடைத்தால் கிளம்பிவிடுவார்கள். ஹர்த்தால் அன்று நடந்தே லேபுக்கு வரக்கூடிய ஒருவர் குழுவில் கட்டாயம் இருக்க வேண்டும். அவருக்கு மீடியா மாற்றும் வேலையாவது முழுதாகத் தெரிந்திருக்க வேண்டும்.

கரண்ட் போனால் இன்குபேட்டர் யுபிஎஸ்ஸில் ஓடுமா என்று பார்ப்பதோடு விடாதீர்கள். ஹூட்டும் (கிருமி புகாமல் வேலை செய்யும் காற்றோட்டப் பெட்டி) அதில் ஓடுகிறதா என்று பாருங்கள். செல்களைப் பிரித்தெடுத்து நடுவில் நிற்கும்போது ஹூட் நின்றால், அந்தத் தட்டு போனதுதான். கார்பன் டை ஆக்சைடு சிலிண்டரில் ஒன்று ஓட, ஒன்று கையிருப்பில் நிற்க வேண்டும்.

2. வாங்க வேண்டியவை, வந்து சேரும் விதம்

செல்கள் ஒட்டி வளர உதவும் ஜெல்லான மேட்ரிஜெல் இரண்டு வகை வேண்டும். ஐபிஎஸ் செல்லைத் தட்டில் ஒட்டவைக்க, ஸ்டெம் செல்லுக்கென்று சோதிக்கப்பட்ட வகை. முப்பரிமாணத் துளிகளுக்கு, வளர்ச்சிக் காரணிகள் குறைக்கப்பட்ட வகை. இரண்டையும் மாற்றிப் போடுவது நடக்கிற தவறுதான். வந்த அன்றே மூடியில் வேறு வேறு நிறத்தில் புள்ளி வைத்துவிடுங்கள்.

ஐபிஎஸ் செல்லுக்கு எம்டீசர் மாதிரியான மீடியா. எண்டோடெர்ம் (கருவின் உள்படலம்) கட்டத்துக்குத் தயார் கிட் கிடைக்கிறது. புதியவர்கள் கிட்டையே வாங்குங்கள். மிச்சக் கட்டங்கள் எல்லாவற்றுக்கும் ஒரே அடிப்படை மீடியாதான். ஐஎம்டிஎம் முக்கால் பங்கு, ஹாம்ஸ் எஃப்12 கால் பங்கு, அதோடு என்2, பி27, ஆல்புமின், குளூட்டாமின், அஸ்கார்பிக் அமிலம், மோனோதயோகிளிசரால்.

அப்புறம் சிறு மூலக்கூறுகளும் புரோட்டீன்களும்: ஒய்-27632, டார்சோமார்ஃபின், எஸ்பி431542, சிஎச்ஐஆர்99021, ரெட்டினாயிக் அமிலம், பிஎம்பி4, கேஜிஎஃப், டெக்சாமெத்தசோன், 8-புரோமோ-சைக்ளிக் ஏஎம்பி, ஐபிஎம்எக்ஸ். எதையும் பெரிய பாட்டிலாக வைத்து மறுபடி மறுபடி உருக்காதீர்கள். ஒரு தடவைக்குத் தேவையான அளவைச் சின்னச் சின்ன ட்யூபாகப் பிரித்து உறையவையுங்கள். பிஎம்பி4 இரண்டு மூன்று தடவை உருகி உறைந்தால் வீரியம் போய்விடும், ஆனால் பார்வைக்கு அப்படியே இருக்கும். ரெட்டினாயிக் அமிலம் வெளிச்சத்தில் கெடும். ட்யூபுக்கு அலுமினியத் தாள் சுற்றுங்கள்; ஹூட் விளக்கையும் அந்த நேரம் குறைத்துக்கொள்ளுங்கள்.

உலர் பனிக்கட்டியில் வரும் பார்சல் கோவை வரைக்கும் ஒழுங்காக வந்துவிடும். கடைசி ஐம்பது கிலோமீட்டரில்தான் பிரச்சினை. சித்திரை வெயிலில் டெலிவரி வண்டியில் அரை நாள் கிடந்து, பாலக்காட்டுக்கு வரும்போது உள்ளே பனிக்கட்டி தீர்ந்திருக்கும். முடிந்தால் கோவைக் கிடங்குக்கே ஆள் அனுப்பி வாங்கிக்கொள்ளுங்கள். பெட்டியைத் திறந்ததும் பனிக்கட்டி மிச்சம் எவ்வளவு என்று போட்டோ எடுத்து, அந்த லாட் எண்ணோடு நோட்டில் ஒட்டிவையுங்கள். இரண்டு மாதம் கழித்து ஒரு சோதனை கெட்டால் அந்தப் பக்கம் பதில் சொல்லும்.

3. ஐபிஎஸ் செல் நிஜமாகவே நன்றாக இருக்கிறதா

உருக்கிய செல்லை உடனே மாற்ற ஆரம்பிக்காதீர்கள். இரண்டு மூன்று பாசேஜ் (நிறைந்த தட்டிலிருந்து பிரித்துப் புதுத் தட்டுக்கு மாற்றுவது) போகட்டும். உறைநிலையிலிருந்து மீண்ட செல் தட்டில் ஒட்டும், பெருகும். ஆனால் எண்டோடெர்ம் சிக்னலுக்குச் சீராகப் பதில் தராது.

நல்ல காலனிக்கு ஓரம் கூர்மையாக இருக்கும். செல்கள் நெருங்கி நிற்கும், உள்ளே உட்கரு பெரிதாகத் தெரியும். ஓரம் கலைந்து, நீண்ட நார் மாதிரியான செல்கள் தெரிந்தால் அவை தானாகவே வேறு ஏதோ ஆகிக்கொண்டிருக்கின்றன. அந்த இடங்களைச் சுரண்டி எடுங்கள். தட்டில் 5 சதவீதத்துக்கு மேல் அப்படி இருந்தால் அந்தத் தட்டை வைத்துத் தொடங்க வேண்டாம்.

மைக்கோபிளாஸ்மா (மிக நுண்ணிய பாக்டீரியா) சோதனை மாதம் ஒரு தடவை. இது மீடியாவைக் கலங்கவைக்காது, சாதாரண மைக்ரோஸ்கோப்பிலும் தெரியாது. செல் மட்டும் மெதுவாகத் தளரும். ஆடி மாத ஈரத்தில் பூஞ்சை வந்தால் கண்ணுக்காவது தெரிகிறது. இது தெரியாமலே ஒரு வருட வேலையைத் தின்றுவிடும். இன்குபேட்டர் தட்டில் ஆட்டோகிளேவ் செய்த காய்ச்சி வடித்த நீர் மட்டும் ஊற்றுங்கள், குழாய்த் தண்ணீர் கூடாது.

குரோமோசோம் சோதனையும் அவ்வப்போது தேவை. ஐபிஎஸ் செல்கள் நீண்ட நாள் வளரும்போது 20-ஆம் குரோமோசோமின் ஒரு துண்டு இரட்டிப்பதும், 12 அல்லது 8-ஆம் குரோமோசோம் ஒன்று கூடுவதும் அடிக்கடி காணப்படும் மாற்றங்கள். அப்படிப்பட்ட செல் வேகமாகப் பெருகி மற்றதை முந்திவிடும். தட்டு அருமையாக வளர்வதுபோல் தெரியும். திடீரென்று வழக்கத்தைவிட வேகமாக வளர்ந்தால் சந்தோஷப்படாமல் சோதனைக்கு அனுப்புங்கள்.

4. விதைப்பும் எண்டோடெர்மும்: 0 முதல் 3-ஆம் நாள் வரை

முழு வேலையின் கனமும் இந்த மூன்று நாளில் இருக்கிறது.

திங்கட்கிழமை காலனிகளைத் தனித்தனிச் செல்லாகப் பிரித்து, எண்ணி, ஆறு குழித் தட்டில் ஒரு குழிக்கு 20 லட்சம் என்று விதையுங்கள். மீடியாவில் ஒய்-27632, 10 மைக்ரோமோலார். ஐபிஎஸ் செல் தனியாகப் பிரிந்தால் தன்னைத் தானே அழித்துக்கொள்ளும் குணம் உள்ளது. ஒய்-27632 அந்தப் பாதையைத் தடுக்கிறது. இதை விட்டுவிட்டால் மறுநாள் தட்டில் மிதக்கும் குப்பைதான் மிஞ்சும்.

எண்ணுவதில் சோம்பல் வேண்டாம். கண்ணளவில் ஊற்றுபவர்கள் இங்கேதான் தோற்கிறார்கள். செல் குறைவாக இருந்தால் எண்டோடெர்ம் கட்டத்தில் இயல்பாக நடக்கும் சாவைத் தாங்காமல் தட்டில் ஓட்டை விழும். அதிகமாக இருந்தால் அடியிலிருக்கும் செல்லுக்கு சிக்னல் சரியாகப் போய்ச் சேராது, ப்ளூரிபொட்டன்ட் நிலையிலேயே சில நின்றுவிடும். அப்படி நின்ற செல் பின்னால் திசுவுக்குள் கட்டியாக வளரக்கூடியது.

செல்லை ஊற்றியதும் தட்டை வட்டமாகச் சுழற்றாதீர்கள். எல்லாம் நடுவில் குவியும். முன்னும் பின்னும், இடமும் வலமுமாக மெல்ல அசைத்துவிட்டு இன்குபேட்டரில் சமதளத்தில் வையுங்கள்.

செவ்வாய் காலை பார்க்கும்போது தட்டு கிட்டத்தட்ட நிறைந்திருக்க வேண்டும். நிறைந்திருந்தால் எண்டோடெர்ம் மீடியாவுக்கு மாற்றலாம். கருவில் எண்டோடெர்ம் உருவாகும்போது நோடல் என்ற சிக்னல் வேலை செய்கிறது. தட்டில் அதன் இடத்தில் ஆக்டிவின்-ஏ நிற்கிறது. முதல் நாள் மட்டும் டபிள்யூஎன்டி பாதையைத் தூண்டும் பொருளும் சேரும். கிட்டில் இரண்டு சப்ளிமென்ட் இருப்பது இதற்காகத்தான். முதல் 24 மணி நேரம் இரண்டும், அதற்குப் பிறகு ஒன்று மட்டும். இரண்டாம் நாளும் இரண்டையும் ஊற்றிவிட்டால் செல் மீசோடெர்ம் (கருவின் நடுப்படலம்) பக்கம் சாயும்.

முதல் இரண்டு நாள் நிறையச் செல் சாகும். மீடியா மஞ்சளாகும், குப்பை மிதக்கும். புதியவர்கள் பயந்து தட்டைக் கழுவிக் கழுவி, ஒட்டியிருப்பதையும் உரித்துவிடுகிறார்கள். மீடியாவை மட்டும் மாற்றுங்கள், அது போதும்.

சோதனை: வெள்ளிக்கிழமை ஒரு குழியைத் தியாகம் செய்து, எண்டோடெர்ம் செல்லின் மேற்பரப்புக் குறிகளான சிஎக்ஸ்சிஆர்4, சி-கிட் இரண்டுக்கும் ஆன்டிபாடி போட்டு, செல்களை ஒவ்வொன்றாக எண்ணும் ஃப்ளோ சைட்டோமீட்டரில் பாருங்கள். இரண்டும் சேர்ந்து காட்டும் செல்கள் 90 சதவீதத்துக்கு மேல் இருந்தால் நல்லது. 80-க்குக் கீழே என்றால் அந்த ஓட்டத்தை (விதைப்பில் தொடங்கிய அந்தச் சுற்றை) நான் நிறுத்திவிடச் சொல்வேன். செல் வரிசைக்குச் செல் வரிசை நேரம் கொஞ்சம் மாறும். சிலது 60 மணி நேரத்திலேயே தயாராகும், சிலதுக்கு மூன்றரை நாள் ஆகும். ஒரு புதிய வரிசையோடு வேலை செய்யும்போது முதல் ஓட்டத்தை இந்த நேரத்தைக் கண்டுபிடிக்க மட்டுமே வையுங்கள், 15-ஆம் நாள் வரை கொண்டுபோகும் எண்ணமே வேண்டாம்.

5. முன்குடல்: 3 முதல் 6-ஆம் நாள் வரை

எண்டோடெர்மிலிருந்து கல்லீரல், கணையம், குடல் எல்லாமே வரலாம். நுரையீரல் வருவது முன்பகுதியிலிருந்து. பின்பகுதிக்கு இழுக்கும் பிஎம்பி, டிஜிஎஃப்-பீட்டா சிக்னல்களை 72 மணி நேரம் அடைத்தால் செல்கள் முன்குடல் அடையாளத்துக்கு வரும். டார்சோமார்ஃபின் 2 மைக்ரோமோலார், எஸ்பி431542 10 மைக்ரோமோலார்.

இந்த மாற்றத்தோடு செல்லைப் பிரித்துப் புதுத் தட்டில் பரப்பவும் வேண்டும். ஒரு குழியை மூன்றிலிருந்து ஆறு குழியாக்கலாம். சிறு கொத்தாகப் பிரித்தால் போதும். முதல் 24 மணி நேரத்துக்கு மட்டும் ஒய்-27632 சேருங்கள். எந்த விகிதம் உங்கள் வரிசைக்குப் பொருந்தும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. இதற்குள் மூன்று விகிதத்தைப் பக்கத்துப் பக்கத்துக் குழியில் போட்டு 15-ஆம் நாள் ஒப்பிடுங்கள். இந்த ஒப்பீட்டைச் செய்யாமல் விட்டவர்கள் மாதக்கணக்கில் 20 சதவீதத்திலேயே நின்றதைப் பார்த்திருக்கிறேன்.

மீடியா இந்த மூன்று நாளும் மாற்ற வேண்டாம் என்று சிலர் நினைக்கிறார்கள். முதல் நாள் ஒய்-27632-ஐ எடுத்துவிடும் மாற்றமாவது கட்டாயம்.

6. நுரையீரல் அடையாளம்: 6 முதல் 15-ஆம் நாள் வரை

இப்போது அடைத்ததைத் திறக்கிறோம். சிஎச்ஐஆர்99021 3 மைக்ரோமோலார், பிஎம்பி4 ஒரு மில்லிக்கு 10 நானோகிராம், ரெட்டினாயிக் அமிலம் 100 நானோமோலார். கருவில் முன்குடலின் வயிற்றுப் பக்கத்தைச் சுற்றியுள்ள திசு தரும் சிக்னல்கள் இவைதான். மூன்றும் சேர்ந்து என்கேஎக்ஸ்2-1 என்ற மரபணுவை எழுப்புகின்றன.

ஒரே பிஎம்பி 3-ஆம் நாள் எதிரி, 6-ஆம் நாள் தேவை. இதனால்தான் வரிசை மாறக்கூடாது. பழைய மீடியா கொஞ்சம் குழியில் தங்கி, அதிலுள்ள தடுப்பான் புதுச் சிக்னலை மழுங்கடிப்பதும் உண்டு. 6-ஆம் நாள் மட்டும் அடிப்படை மீடியாவால் ஒரு முறை கழுவிவிட்டு ஊற்றுங்கள்.

சிஎச்ஐஆர் குளிர்ந்த மீடியாவில் படிகமாகி அடியில் இறங்கும். மீடியாவை அறை வெப்பத்துக்குக் கொண்டுவந்து, சேர்த்ததும் நன்றாகக் கலக்குங்கள். இரண்டு நாளுக்கு ஒரு தடவை மாற்றினால் போதும். செல் நெருங்கி, மீடியா சீக்கிரம் மஞ்சளானால் தினமும் மாற்றுங்கள்.

பார்க்க இந்த நாட்களில் பெரிதாக ஒன்றும் இருக்காது. சில இடங்களில் மேடு தட்டும். பொறுமையாக இருங்கள்.

7. பிரித்தெடுப்பு: 15-ஆம் நாள்

நல்ல ஓட்டத்தில்கூட எல்லாச் செல்லும் நுரையீரல் முன்னோடி ஆவதில்லை. பக்கத்தில் கல்லீரல் வகையும் வளர்ந்திருக்கும். அவற்றைக் கழிக்காமல் அடுத்த கட்டத்துக்குப் போனால் வேகமாக வளர்கிற தவறான செல் ஜெயித்துவிடும்.

என்கேஎக்ஸ்2-1-இல் பச்சை ஒளிர் புரோட்டீன் பொருத்திய வரிசை இருந்தால் வேலை சுலபம். இல்லையென்றால் மேற்பரப்புக் குறிகள்: சிடி47 அதிகமாகவும் சிடி26 குறைவாகவும் காட்டும் செல்களை எடுங்கள். கியோத்தோவில் கோதோ குழு 2014-இல் காட்டிய கார்பாக்ஸிபெப்டிடேஸ்-எம் குறியை வைத்தும் எடுக்கலாம். காந்த மணியோடு அந்த ஆன்டிபாடியைப் போட்டால் சார்ட்டர் (குறி பார்த்துச் செல்களைப் பிரிக்கும் கருவி) இல்லாமலேயே ஓரளவு செறிவு கிடைக்கும்.

நம் பக்கத்துக் கல்லூரிகளில் சார்ட்டர் அரிது. வேறு ஊருக்குக் கொண்டுபோவதாக இருந்தால் கார்பன் டை ஆக்சைடு தேவைப்படாத, அமிலத்தன்மையைச் சீராக வைக்கும் ஹெப்பீஸ் சேர்த்த மீடியாவில், ஒய்-27632 போட்டு, ஐஸில் வைத்துக் கொண்டுபோங்கள். ட்யூபுக்கு மேலும் கீழும் ஐஸ் துருவல் இருக்கட்டும். சார்ட்டர் இருக்கும் இடத்தில் நேரம் உறுதியாகாமல் செல்லைப் பிரிக்க ஆரம்பிக்காதீர்கள். பிரித்த செல் மூன்று மணி நேரத்துக்கு மேல் காத்திருந்தால் உயிருள்ளவை வேகமாகக் குறையும். கருவியில் ஏற்றும் முன் 40 மைக்ரோன் வலையில் வடிகட்டுங்கள், இறந்த செல்லைக் காட்டும் சாயமும் போடுங்கள்.

சோதனை: எடுத்த செல்லில் கொஞ்சத்தை நிலைப்படுத்தி, உட்கருவில் என்கேஎக்ஸ்2-1 சாயமிட்டுப் பாருங்கள். ஒரு எச்சரிக்கை. தைராய்டும் முன்மூளையும்கூட இந்த மரபணுவைக் காட்டும். அதனால் பிஏஎக்ஸ்8 என்ற குறியையும் சேர்த்துப் பாருங்கள். இரண்டும் சேர்ந்து ஒளிர்ந்தால் தைராய்டு பக்கம் போயிருக்கிறது.

8. முப்பரிமாணத் துளி

மேட்ரிஜெல் நெய்க்கு நேர் எதிர். குளிரில் ஓடும், சூடானால் உறையும், உறைந்த பின் சுலபத்தில் மறுபடி ஓடாது. 10 டிகிரி செல்சியஸைத் தாண்டினாலே கட்ட ஆரம்பித்துவிடும். பாலக்காட்டில் மார்ச், ஏப்ரலில் வெளியே 40-ஐத் தொடும் நாட்களில் ஏசி போட்ட அறையில்கூட பிப்பெட் நுனியிலேயே உறைந்துபோகும்.

அதனால் முந்தின இரவே மேட்ரிஜெல்லை ஃப்ரிட்ஜில், ஐஸுக்குள் புதைத்து உருகவையுங்கள். நுனிகள், ட்யூபுகள் எல்லாம் உறைபெட்டியில் இருந்து நேராக வரட்டும். ஐஸ் மெஷின் பழுதானால் பிள்ளைகள் மீன் மார்க்கெட்டில் கட்டி ஐஸ் வாங்கி வருகிறார்கள். கட்டியாக வைத்தால் ட்யூபைச் சுற்றிக் காற்று நிற்கும், குளிர் ஏறாது. உடைத்து, கொஞ்சம் தண்ணீர் ஊற்றிக் கூழாக்கி வையுங்கள். ட்யூபின் வெளிப்பக்கத்தை ஆல்கஹாலில் துடைத்த பிறகே ஹூட்டுக்குள் கொண்டுபோங்கள்.

ஒரு மைக்ரோலிட்டருக்கு 400 செல் என்ற கணக்கில் கலந்து, 50 மைக்ரோலிட்டர் துளியாகக் குழியின் நடுவில் விடுங்கள். துளிக்கு 20,000 செல். குமிழி வராமல் மெதுவாகக் கலக்கவும். குமிழி இருந்தால் துளி இரண்டு நாளில் பெயர்ந்து மிதக்கும். இன்குபேட்டரில் 20 முதல் 30 நிமிடம் உறையவிட்டு மீடியா ஊற்றுங்கள்.

இந்த மீடியாவில் சிஎச்ஐஆர் 3 மைக்ரோமோலார், கேஜிஎஃப் ஒரு மில்லிக்கு 10 நானோகிராம், டெக்சாமெத்தசோன் 50 நானோமோலார், சைக்ளிக் ஏஎம்பி, ஐபிஎம்எக்ஸ் இரண்டும் 0.1 மில்லிமோலார். முதல் இரண்டு நாள் ஒய்-27632. டெக்சாமெத்தசோன் வைப்பதன் காரணம் மருத்துவமனையில் வேலை செய்பவர்களுக்குத் தெரிந்ததே. குறைமாதப் பிரசவம் வரும்போது தாய்க்கு ஸ்டீராய்டு ஊசி போட்டுக் குழந்தையின் நுரையீரலை முதிர வைக்கிறார்களே, அதே வேலையைத்தான் இங்கும் செய்கிறது.

9. சிஎச்ஐஆரை நிறுத்துவதும் மறுபடி சேர்ப்பதும்

17-ஆம் நாளிலிருந்து 21-ஆம் நாள் வரை சிஎச்ஐஆர் இல்லாத அதே மீடியாவைக் கொடுங்கள். 21-இல் மறுபடி சேருங்கள். அந்த நான்கு நாள் செல்கள் காற்றறை வகைக்குச் சாய உதவுகின்றன. அதைத் தாண்டியும் நிறுத்தியே வைத்தால் மூச்சுக்குழாய் வகைக்குப் போய்விடும், பெருக்கமும் குறையும். புதியவர்கள் இந்த இரண்டு தேதியில் ஒன்றை மறக்காமல் இருந்ததே குறைவு. குழி மூடியிலேயே தேதியை எழுதிவையுங்கள்.

நான்காம் வாரம் வரும்போது துளிக்குள் உருண்டைகள் தெரியும். மெல்லிய சுவரும் உள்ளே வெற்றிடமும் இருந்தால் சரி. கெட்டியாக, கறுப்பாக, கிளை விட்டிருந்தால் வேறு வகை கலந்திருக்கிறது.

பாசேஜ் 10 முதல் 14 நாளுக்கு ஒன்று. முதலில் டிஸ்பேஸ் மில்லிக்கு 2 மில்லிகிராம், 37 டிகிரியில் ஒரு மணி நேரம் வரை. ஜெல் முழுதாகக் கரையும். பின்பு 0.05 சதவீத டிரிப்சினில் தனிச் செல்லாக்குங்கள். ஜெல் மிச்சம் இருக்கும்போதே டிரிப்சின் போட்டால் செல் ஜெல்லோடு ஒட்டிக் கொழகொழவென்று போகும், எண்ணவும் முடியாது.

10. கிடைத்தது காற்றறை வகை 2 செல்தானா

வகை 2 செல்லின் அடையாளம் சர்ஃபாக்டன்ட் புரோட்டீன்-சி. மூச்சு விடும்போது காற்றறை ஒட்டிக்கொள்ளாமல் காக்கும் சர்ஃபாக்டன்ட் படலத்தைச் செய்வது இந்தச் செல்தான். அதன் முன்வடிவத்துக்கான ஆன்டிபாடியால் சாயமிடுங்கள். எலக்ட்ரான் மைக்ரோஸ்கோப் வசதி கிடைத்தால் லேமெல்லர் பாடிகளைப் பாருங்கள். வெங்காயத் தோல்போல அடுக்கடுக்காக என்று புத்தகங்கள் சொல்லும் அந்தச் சர்ஃபாக்டன்ட் பைகள் தெரிந்தால் இனி சந்தேகம் இல்லை.

ஒரு மரபணுவின் ஆர்என்ஏ கூடியிருக்கிறது என்பதை மட்டும் வைத்து முடிவு கட்டாதீர்கள். ஐபிஎஸ் செல்லோடு ஒப்பிட்டால் எதுவும் ஆயிரம் மடங்கு கூடினதாகத் தெரியும். ஒப்பிட வேண்டியது மனித நுரையீரலிலிருந்து எடுத்த ஆர்என்ஏவோடு.

11. இதை வைத்து என்ன செய்யலாம், என்ன செய்ய முடியாது

உருண்டையைத் தனிச் செல்லாக்கி, நுண்துளைச் சவ்வு வைத்த குழியில் விதைத்து, இரண்டு மூன்று நாள் கழித்து மேல்பக்க மீடியாவை எடுத்துவிட்டால் மேலே காற்று, கீழே மீடியா என்று ஒரு படலம் கிடைக்கும். புகை, தூசு, வைரஸ் எதையும் மேலிருந்து கொடுத்துப் பார்க்கலாம். 2020-இல் கொரோனா வைரஸ் காற்றறைச் செல்லை எப்படித் தாக்குகிறது என்று பார்த்த ஆய்வுகளில் இந்த அமைப்பும் ஒன்று. கோவை, கஞ்சிக்கோடு பக்கத்துப் பிள்ளைகள் பஞ்சாலைத் தூசியை வைத்து யோசிப்பது எனக்கு மிகவும் பிடித்த விஷயம். அந்தத் தூசியில் பாக்டீரியாவின் எண்டோடாக்சின் என்ற நச்சு இருக்கும், அதன் அளவை முதலில் அளந்துகொண்டு தொடங்குங்கள்.

மரபணுக் கோளாறு உள்ள நோயாளியின் செல்லிலிருந்து திசு வளர்த்து, அதே செல்லில் கோளாறைத் திருத்தியும் வளர்த்து, இரண்டையும் பக்கத்தில் வைத்து மருந்து பார்க்கலாம். இன்றைக்கு இந்தத் திசுவின் மிகப் பெரிய பயன் இது.

இனி, லேபுக்கு வந்து நிற்கும் குடும்பங்களுக்குச் சொல்ல வேண்டியது. "அப்பாவுக்கு நுரையீரல் இறுகிப்போச்சு, இதை ஊசியா போட முடியுமா?" என்று கேட்பார்கள். முடியாது என்று தெளிவாகச் சொல்லுங்கள். லேபில் வளர்த்த நுரையீரல் திசு எந்த நாட்டிலும் சிகிச்சையாக அனுமதி பெறவில்லை. மனித நுரையீரலில் சராசரியாக 48 கோடி காற்றறைகள், அவற்றைச் சுற்றி ரத்தத் தந்துகிகள். நம் துளியில் ரத்தக் குழாய் இல்லை, நோயெதிர்ப்புச் செல் இல்லை, தாங்கு திசு இல்லை. வாயு மாறும் பரப்பில் பெரும்பகுதி வகை 1 செல்லுடையது; நாம் வளர்ப்பது வகை 2. மேட்ரிஜெல் எலியின் கட்டியிலிருந்து எடுப்பது, அதோடு வளர்த்ததை மனித உடலில் வைக்க முடியாது.

காசு வாங்கிக்கொண்டு நுரையீரலுக்கு ஸ்டெம் செல் ஊசி போடும் இடங்கள் எல்லைக்கு இரு பக்கமும் உண்டு. 2017 நெறிகளின்படி, அனுமதி பெற்ற மருத்துவப் பரிசோதனைக்கு வெளியே இப்படிப் போடக்கூடாது. பரிசோதனையில் சேர நோயாளி பணம் கட்ட வேண்டியதில்லை. இந்திய மருத்துவப் பரிசோதனைப் பதிவேட்டில் எண் இருக்கிறதா என்று கேட்கச் சொல்லுங்கள்; பதிவேட்டை உங்கள் போனிலேயே திறந்து, அவர்களோடு உட்கார்ந்து தேடிக் கொடுங்கள். ஐந்து நிமிட வேலை, ஒரு குடும்பத்தின் நிலம் விற்கப்படாமல் மிஞ்சும்.

12. உறையவைத்துச் சேமிப்பது

நல்ல ஓட்டம் ஒன்று அமைந்துவிட்டால் மறுபடி 0-இலிருந்து வர வேண்டியதில்லை. சர்ஃபாக்டன்ட் சோதனையில் தேறிய உருண்டைகளைத் தனிச் செல்லாக்கி, 10 சதவீத டிஎம்எஸ்ஓ கலந்த உறைமீடியாவில், மெதுவாகக் குளிர்விக்கும் பெட்டியில் வைத்து மைனஸ் 80-இல் ஓர் இரவு, மறுநாள் திரவ நைட்ரஜனுக்கு. டிஎம்எஸ்ஓ செல்லுக்கு நஞ்சு. கலந்த பிறகு பத்து நிமிடத்துக்குள் ட்யூபுகள் பெட்டிக்குள் போய்விட வேண்டும்.

எல்லா ட்யூபையும் ஒரே நைட்ரஜன் தொட்டியில் வைக்காதீர்கள். ஓண விடுமுறையில் நிரப்ப ஆள் வராமல் ஒரு தொட்டி வறண்டால் எல்லாம் போகும். பாதியை வேறு கட்டடத்திலோ, கோவையிலுள்ள கூட்டாளி லேபிலோ வையுங்கள். ஒவ்வொரு ட்யூபிலும் செல் வரிசை, பாசேஜ் எண், உறைந்த தேதி, மேட்ரிஜெல் லாட் எண். ஒரு வாரம் கழித்து ஒன்றை உருக்கி, ஒய்-27632 சேர்த்து வளர்த்து, மறுபடி உருண்டை வருகிறதா என்று பார்த்த பிறகே ஓடிக்கொண்டிருக்கும் தட்டுகளை மூடுங்கள்.